கைப்பிடி இல்லாத கார்

"அப்பா, இந்தக் காருக்குக் கைப்பிடியே இல்லையே. உள்ள போனவங்க எப்படி வெளிய வருவாங்க?"

பல்லுக்காரரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவருடைய வேலை மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். படத்தில் தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது ஒரு சிவப்புக் கார். பல்லுக்காரர் அப்போது யாருடைய கீழ்வரிசைப் பல்லையோ உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார்.

"உள்ள போனவங்களுக்கு வெளிய வரணும்னே தோணாதும்மா."

இந்தப் பதில் தவறு என்று அவருக்குத் தெரியவர ஒன்பது வருஷம் பிடித்தது.

பல்லுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து, பல் போனவர்களுக்குப் பல் கட்டித் தருவது அவர் தொழில். மெழுகில் ஈறு செய்வார், ஒவ்வொரு பல்லாக நட்டுவைப்பார், எவ்வளவு நேரமானாலும் சலித்துக்கொள்ள மாட்டார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. பஸ்ஸில்தான் போய்வருவார். ஆனால் வருஷத்துக்கு இருபதே இருபது என்று செய்கிறார்களே, அந்த மாதிரிக் கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எது எத்தனை விநாடியில் நூறைத் தொடும், எதன் கதவு பறவைச் சிறகு போல மேலே தூக்கும், எதன் இன்ஜின் முதுகுப்பக்கம் இருக்கும் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. அந்தச் சிவப்புக் காரின் மேல் மட்டும் தனி மயக்கம். வீட்டில் அதற்கு வேறு பெயர்.

"என்ன, சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்றாள் மனைவி, அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டுவதைப் பார்த்து.

"சும்மா இரு. பொண்ணு காதுல விழப்போகுது."

"அவளுக்குத் தெரியாதாக்கும். போன்ல டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே அவதானே."

நகரத்தின் பெரிய மண்டபத்தில் அதிசயக் கார்ப் பேரவையின் ஆண்டுக் கண்காட்சி. சிவப்புக் கார் இந்த வருஷம்தான் முதல்முறையாக இந்த ஊருக்கு வந்திருந்தது.

"கண்டக்டர் ஐயாவோட பல்லு?" என்று நினைவுபடுத்தினாள் மனைவி.

பல்லுக்காரர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே சின்ன பிளாஸ்டிக் டப்பா, அதில் தண்ணீர், தண்ணீரில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரின் மேல்வரிசையும் கீழ்வரிசையும். கண்டக்டரின் மகள் எட்டு வருஷத்துக்குப் பிறகு அன்று சாயங்காலம் விமானத்தில் வந்து இறங்குகிறாள். அவள் போனபோது அப்பாவுக்கு வாய் நிறையப் பல். "பொக்கை வாயோட அவ முன்னால போய் நிக்க மாட்டேன்யா, அதுக்கு நான் வீட்டிலேயே கெடந்துடுவேன்" என்று சொல்லியிருந்தார். பல் டாக்டர் ஊரில் இல்லை. நீங்களே மாட்டிவிட்டுடுங்க என்று போனில் சொல்லிவிட்டார். கண்டக்டர் வீடு மண்டபத்துக்கு அடுத்த தெரு. முடிவெட்டிக்கொள்ளவும் சட்டை வாங்கவும் போயிருக்கிறார், நாலு மணிக்குத்தான் திரும்புவார். நாலரைக்கு டாக்ஸி.

"ஒரு மணிக்கு உள்ள போறேன். மூணரைக்கு வெளிய வந்துடுவேன்" என்றார் பல்லுக்காரர். அவர் பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவர்.

மண்டப வாசலில் மூன்று வரிசைகள் இருந்தன. ஒன்று டிக்கெட்டைக் காட்டுவதற்கு. ஒன்று, காட்டிய டிக்கெட்டைப் பார்த்தாயிற்று என்று கையில் நாடா கட்டிக்கொள்வதற்கு. மூன்றாவது, முதல் இரண்டு வரிசைகளைப் பற்றிப் புகார் சொல்வதற்கு. மூன்றாவதுதான் நீளம். ஒலிபெருக்கி இடைவிடாமல் பேசியது: "அன்பார்ந்த பார்வையாளர்களே, கார்களைத் தொடாதீர்கள். கார்களின் மேல் சாயாதீர்கள். கார்களுக்கு அருகே நின்று பெருமூச்சு விடாதீர்கள். கண்ணாடியில் ஆவி படிகிறது."

சிவப்புக் கார் நடு மண்டபத்தில், மெதுவாகச் சுழலும் வட்டமேடையில் இருந்தது. மேடைக்குப் பின்னால் தரைவரை தொங்கும் கறுப்புத் திரை. முன்னால் சிவப்புக் கயிறு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை காரின் முதுகிலிருந்து ஓர் உறுமல் வந்தது. பன்னிரண்டு சிலிண்டர்! பல்லுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு வரிசையில் போய் நின்றார். அது தண்ணீர் வரிசை இல்லை. தங்க அட்டை வைத்திருப்பவர்கள் காரோடு படம் எடுத்துக்கொள்ளும் வரிசை. படம் எடுப்பவர் அவரைப் பார்க்காமலே, "வாங்க சார், மேடையில ஏறுங்க, இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்றார். பல்லுக்காரர் கிட்ட நின்றார். அங்கேதான் தப்பு நடந்தது.

அந்தக் காருக்குக் கைப்பிடி கிடையாது என்றாலும், பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு பொத்தான் உண்டு. அது உலகத்தில் சில நூறு பித்தர்களுக்கு மட்டுமே தெரியும். பல்லுக்காரரின் விரல், அவரைக் கேட்காமலே, அதை அழுத்தியது. கதவு சிறகு விரித்தது. படம் எடுப்பவர் குனிந்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். பல்லுக்காரர் உள்ளே உட்கார்ந்தார். ஒரே ஒரு விநாடி என்றுதான் நினைத்தார். கதவு தானாகவே இறங்கி, பூனை வாய் மூடுவது போலச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். அதை மறைப்பது நியாயமில்லை.

ஆறாவது நிமிஷத்தில் அவர் உள்பக்கக் குமிழைத் தேடி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆபத்துக் காலத்தில் இழுக்கும் வார் சீட்டுக்கு அடியில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கையை விட்டுத் துழாவினார். வார் இருக்க வேண்டிய இடத்தில் வாரின் படம் ஒட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடி மட்டும் மேலே இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. அதன் வழியாகக் கயிற்றுப் பக்கம் நின்ற காவல்காரரைக் கூப்பிட்டார்.

"கண்ணாடியில கை வைக்காதீங்க சார்" என்றார் காவல்காரர்.

"கதவு திறக்க மாட்டேங்குதுங்க."

"உள்ளேருந்து திறக்காது சார். மண்டபத்துல தீ விதி. எல்லாக் காருக்கும் பேட்டரியைக் கழட்டிட்டாங்க."

"வெளியேருந்து திறக்கலாங்க. அந்தக் கண்ணாடிக்கு அடியில ஒரு பொத்தான். லேசா அழுத்துங்க, போதும்."

காவல்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "காரை நான் தொடக்கூடாது சார். தொடும் அதிகாரம் தலைவருக்கு மட்டும்தான்."

மேடை சுழன்று அவரைத் திரைப்பக்கம் கொண்டுபோயிற்று. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிஷம். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எதிர்ச்சுவர்க் கடிகாரம் தெரிந்தது. இரண்டு மணி. இரண்டு மணி ஒன்றரை நிமிஷம். இப்படி.

மேற்பார்வையாளர் வந்தார். கழுத்தில் ஐந்து அட்டைகள் தொங்கின. காரோடு கூடவே நடந்தபடி, மேடையைச் சுற்றிச் சுற்றிப் பேசினார்.

"உங்களை வெளிய விடறதுல எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனா நீங்க காருக்குள்ள வந்ததா எங்ககிட்ட பதிவு இல்லை. உள்ள வராதவரை எப்படி சார் வெளிய விடறது?"

"நான் உள்ளதானே இருக்கேன்?"

"அது உங்க கருத்து."

"நீங்களே பாக்கறீங்களே!"

"நான் பாக்கறது வேற, பேரவை பாக்கறது வேற. இந்தப் படிவத்தை நிரப்புங்க. முதல்ல உங்களை உள்ள சேர்த்துக்கறோம். அப்புறம் வெளிய அனுப்பறதைப் பத்தி யோசிக்கலாம்."

இரண்டு விரல் இடைவெளி வழியாகப் படிவம் வந்தது. 'தாங்கள் தற்போது வைத்திருக்கும் கார்கள் (மூன்றுக்குக் குறையாமல்)' என்ற இடத்தில் பல்லுக்காரர் யோசித்துவிட்டு, சுவரில் இருக்கும் படங்களை எண்ணி 'பதினாலு' என்று எழுதினார். பிறகு மனசாட்சி உறுத்தவே பக்கத்தில் 'படம்' என்று சேர்த்தார். 'வெளியேற விரும்பும் காரணம்' என்பதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. 'பல்' என்று எழுதினார்.

மேற்பார்வையாளர் படித்துவிட்டு முகம் சுளித்தார். "காரணம் தெளிவா இல்லை. நிபுணர் குழுவுக்கு அனுப்பறேன்."

நிபுணர் வருவதற்குள் பொதுமக்கள் கயிற்றோரம் கூடிவிட்டார்கள்.

"மெழுகு பொம்மைங்க" என்று ஒரு கணவர் மனைவிக்கு விளக்கினார். "காரோட சேர்த்துக் கொடுக்கறாங்க போல."

"மூக்கு சரியா வரலை பாருங்க. நெத்தியும் என்னமோ தேங்காயைக் கவுத்த மாதிரி."

பல்லுக்காரர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"ஐயோ, அசையுது!"

"பேட்டரி" என்றார் கணவர்.

பேட்டரி கிடையாது என்று பல்லுக்காரர் உள்ளிருந்து கத்தினார். பேசவும் பேசுகிறது என்று அவர்கள் சந்தோஷப்பட்டு இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள்.

நிபுணர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். கையுறை போட்டும் காரைத் தொடவில்லை. கையுறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கதவைக் கால் மணி நேரம் உற்றுப்பார்த்துவிட்டு மேற்பார்வையாளரிடம் அறிக்கை சொன்னார்: "கதவு மிகச் சிறப்பா வேலை செய்யுது. மூடின கதவு இவ்வளவு நேரமா, உள்ளே ஒருத்தர் தட்டியும், திறக்காம இருக்குன்னா அதுதான் தரம். கதவுமேல குறை ஒண்ணும் இல்லை. குறை இருந்தா அது பயணிமேலதான் இருக்கணும்."

மூன்றே முக்கால் மணி. உள்ளே வெக்கை. பல்லுக்காரர் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துப் பார்த்தார். தண்ணீருக்குள் கண்டக்டரின் பற்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன. வியர்த்த உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார், நெற்றியைச் சாய்த்தார், கண்ணை மூடினார்.

'கடவுளே, நான் ஆசைப்பட்டுத்தான் உள்ள வந்தேன். வெளிய விடுன்னு கேட்க எனக்கு முகமில்லை. ஆனா இந்தப் பல்லு என்னோடது இல்லையே.'

அவர் கண் திறந்தபோது தலைவர் வந்துகொண்டிருந்தார். தொடும் அதிகாரம் உள்ள ஒரே கை! பல்லுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவர் மேடையில் ஏறி, காருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! நாலு வருஷமா இந்தக் காருக்கு நான் தலைமை தாங்கறேன். இந்த நாலு வருஷத்துல இது ஒரு அடிகூட நகர்ந்ததில்லை. அதனால ஒரு விபத்தும் நடந்ததில்லை! இப்படி ஒரு சாதனை, ஓடற கார் எதுக்காவது உண்டா? சில பேர் கேக்கறாங்க, காரை எல்லாரும் தொட்டுப் பாத்தா என்னன்னு. நான் கேக்கறேன், தொட்டுப் பாத்துட்டா அப்புறம் அடுத்த வருஷம் எதுக்கு வருவாங்க? வேகம்னா என்ன? விடுதலை! எங்க வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், நினைச்ச மாத்திரத்துல கிளம்பிப் போற விடுதலை!"

பல்லுக்காரர் இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தார். "ஐயா! என்னை வெளிய விடுங்கய்யா!"

"பாருங்க, உள்ள இருக்கற நண்பரால உணர்ச்சியை அடக்க முடியலை" என்றார் தலைவர். கூட்டம் கைதட்டியது. மேற்பார்வையாளர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தொடறது நிகழ்ச்சி நிரல்ல அஞ்சு மணிக்கு இருக்கு. இப்ப நான் தொட்டா, அஞ்சு மணிக்குத் தொடறதுக்கு மரியாதை என்ன இருக்கும்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நாலு மணி பதினைந்து நிமிஷம்.

கார் திரைப்பக்கம் திரும்பிய ஒரு சுற்றில் கண்ணாடிக்கு வெளியே ஒரு துணி நகர்ந்தது. துணிக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி. பேரவையின் சாம்பல் நிறச் சட்டை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் வந்து துடைத்துவிட்டுப் போவதை அவர் முன்பே பார்த்திருந்தார். வெறும் கையால் தொட அவளுக்கும் அனுமதி இல்லை. துணியால் தொடலாம்.

"ஏண்ணா," என்றாள் துடைத்தபடியே, உதடு அசையாமல். "வந்ததுலேருந்து பாக்கறேன். உங்களுக்குப் போக வேண்டிய இடம் ஏதாவது இருக்கா?"

ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி. பல்லுக்காரர் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். கண்டக்டர், மகள், டாக்ஸி என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். அதற்குள் கார் திரும்பி மக்களைக் காட்டியது. ஒன்றரை நிமிஷம் கழித்து அவள் மறுபடி கிடைத்தாள்.

"சீட்டுக்குப் பின்னால ஒரு பலகை இருக்கும். சும்மாதான் சாத்திவச்சிருக்கு. தள்ளுங்க. நான் அப்படித்தான் உள்ள வந்து துடைப்பேன்."

"அங்கே இன்ஜின் இருக்குமேம்மா?"

அவள் அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். "போய்ப் பாருங்கண்ணா."

பல்லுக்காரர் பலகையைத் தள்ளினார். பன்னிரண்டு சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாளி இருந்தது. வாளி விளிம்பில் இரண்டு துணிகள். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒரு சாப்பாட்டு டப்பா. மூலையில் செங்கல் அளவுக்கு ஓர் ஒலிபெருக்கி. அவர் தவழ்ந்து அதைத் தாண்டும்போது அது சரியாக உறுமியது. முப்பது வருஷக் காதலோடு அவர் அதன் பக்கத்தில் ஒரு விநாடி தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தார். பிறகு தவழ்ந்தார். வேறு சமயமாக இருந்தால் அழுதிருப்பார். இப்போது நேரமில்லை.

காரின் முதுகு திரையைப் பார்த்த சமயத்தில் அவள் பின்மூடியைத் துணியால் பிடித்து உயர்த்தினாள். அவர் நழுவி இறங்கித் திரைக்குப் பின்னால் போய் நின்றார்.

"அந்தக் கோடியில சின்னக் கதவு. சாமான் இறக்கற வழி. ஓடுங்க."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதேம்மா?"

"என்ன ஆகும்?" அவள் சுழன்றுபோகும் காரின் கண்ணாடியைப் பார்த்தாள். உள்பக்கம் முழுக்க அவருடைய உள்ளங்கைகள். நெற்றி ஒன்று. மூக்கு இரண்டு. "ஆறு மணிக்கு மேற்பார்வையாளர் டார்ச் அடிச்சுக் கைரேகை எண்ணுவார். எம்பேர்ல ஏற்கெனவே ரெண்டு தடவை எழுதியாச்சு. மூணாவதுன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்பாங்க." அவளே சிரித்துக்கொண்டாள். "அதெல்லாம் நான் துடைச்சுடுவேன். அந்தப் பெரியவரை முதல்ல சிரிக்க வைங்க, போங்க."

ஒலிபெருக்கி அழைத்தது: "சிவப்புக் கார் துடைக்கும் பணியாளர் மூன்றாம் மண்டபக் கழிப்பறைக்கு உடனே வரவும். ஆறு மணிவரை அங்கேயே பணி."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணாடியை ஒருமுறை பார்த்தாள். பிறகு துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

பல்லுக்காரர் ஓடினார்.

கண்டக்டர் வீட்டு வாசலில் டாக்ஸி நின்றிருந்தது. புதுச்சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்த கண்டக்டர், "யோவ், எங்கய்யா போய்த் தொலைஞ்ச!" என்றார். பல் இல்லாததால் அது காற்றாக வந்தது. பல்லுக்காரர் கை கழுவி, மேல்வரிசையை மாட்டி, கீழ்வரிசையை மாட்டி, கடிக்கச் சொன்னார். இடது ஓரத்தில் லேசாக உறுத்தியது. சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி மாட்டினார்.

"பேசுங்க."

கண்டக்டர் தொண்டையைக் கனைத்தார். "டிக்கெட், டிக்கெட். படியில நிக்காதே, உள்ள போ, உள்ள போ." தெரு அதிர்ந்தது. டாக்ஸிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் டாக்ஸியின் பக்கக் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பல்லுக்காரரின் தோளை அழுத்திவிட்டு வண்டியில் ஏறினார்.

டாக்ஸி போனபோது நாலு மணி முப்பத்தெட்டு நிமிஷம்.

எதிரே பஸ் நிறுத்தம். அவர் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. பல்லுக்காரர் படியில் ஒரு காலை வைத்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார்.

சாமான் இறக்கும் கதவு வெளியேயிருந்து திறக்காது என்பதால், மண்டபத்துக்குள் மறுபடி நுழைய மூன்று வரிசையிலும் நின்றார். புகார் வரிசையிலும் நிற்க வைத்தார்கள். விதி. உள்ளே போகும்போது ஐந்தரை. ஐந்து மணி நிகழ்ச்சி பக்கத்து மண்டபத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கே இன்னும் பெரிய மேடை இருந்ததாம், கூட்டம் முழுக்க அங்கே போய்விட்டது. அவருடைய விண்ணப்பம் நிபுணர் குழுவிலிருந்து நிதிக் குழுவுக்கும், அங்கிருந்து விழாக் குழுவுக்கும் போய்ச்சேர்ந்திருந்தது. விண்ணப்பதாரர் காரில் இருக்கிறாரா என்று பார்ப்பது இந்த மூன்று குழுக்களில் எதன் வேலையும் அல்ல என்பதால் யாரும் பார்க்கவில்லை.

வட்டமேடை, காரின் முதுகு திரையைப் பார்த்தபடி, நின்றிருந்தது. கயிற்றுப் பக்கம் ஆள் இல்லை. பல்லுக்காரர் திரைக்குப் பின்னால் போய், பின்மூடியைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கினார். செருப்பைக் கழற்றி அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வாளியில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்தார். இன்னொன்றை உலர்ந்தபடியே எடுத்துக்கொண்டார். பலகை வழியாகத் தவழ்ந்து போனார்.

அதே சீட். உட்கார்ந்தால் உடம்பைத் தாங்கிக்கொள்ளும் அதே மெத்தை. அவர் உட்காரவில்லை. முழங்காலில் நின்றார்.

ஒலிபெருக்கியில் பக்கத்து மண்டபத்திலிருந்து தலைவரின் குரல் வந்தது. "இந்தக் கார்களை இதுவரை ஒரு மனிதக் கைகூடத் தொட்டதில்லை என்பதைப் பெருமையோடு..."

ஈரத்துணியால் ஒருமுறை, உலர்துணியால் ஒருமுறை. முதலில் உள்ளங்கைகள். எண்ணியபோது பதினேழு இருந்தன. இவ்வளவு அடித்தோமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. பிறகு மூக்குகள். நெற்றி மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்திருந்ததால் வாயால் ஆவி ஊதி, தேய்த்து, பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி ஊதித் தேய்த்தார். தலைவர் பேச்சை முடித்து மறுபடி ஆரம்பித்தார். கதவின் உட்புறம், குமிழ், சீட்டின் அடியில் அவர் துழாவிய இடம், வாரின் படம். ஒன்றையும் விடவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பின்பக்கமாகவே நகர்ந்து, தன் முழங்கால் பதிந்த இடத்தையும் துடைத்தபடி வெளியே வந்தார். பலகையைச் சாத்தினார். துணிகளை அலசிப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார். சாப்பாட்டு டப்பாவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்திருந்தது. அதைச் சட்டை ஓரத்தால் ஒற்றி எடுத்தார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பின்மூடியை மெல்ல இறக்கிவிட்டு, சாமான் இறக்கும் கதவு வழியாகத் தெருவுக்குப் போனார்.